கங்காணி மீனும் என் காப்புக் கயிறும்

ஒரு விரல் நீளமுள்ள மீனைப் பார்த்து, "நீ உருப்படவே மாட்டடா" என்று சாமி மேடைக்கு முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றியவன் நான். வீட்டுக்குள் மண் கிடைக்காததால் கைக்குக் கிடைத்த விபூதியை வாரினேன். (அதற்காக அம்மனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மீனிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.)

நான் கோபக்காரன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறேன். ரோட்டில் படுத்திருக்கும் மாடுகள் டிராக்டர் சத்தத்துக்கு எழுந்திருக்காது, என் சத்தத்துக்கு எழுந்துவிடும். குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால் குழாயைத் திட்டுவேன். மழை வந்தால் மழையை, வராவிட்டால் வானொலியில் மழை வரும் என்று சொன்ன ஆளை. ஒருநாள் ராசா டவுனில் இருக்கும் கிளினிக்கில் கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்த மலாய்க்கார டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், முகத்தைச் சுருக்கிக்கொண்டு "ஜாங்ஙான் மாரா மாரா, பாச்சிக்" என்றது. கோபப்படாதீங்க மாமா என்று அர்த்தம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவது முறை அழுத்திப் பார்த்தபோது பிரஷர் முதலில் வந்ததைவிட அதிகமாக இருந்தது.

அந்த டாக்டரம்மாதான் சொல்லிவிட்டது, வீட்டில் மீன் தொட்டி வையுங்கள், தினமும் உட்கார்ந்து பாருங்கள், மனசு அடங்கும் என்று.

என் மகள் லோகா நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறது. வாரம் முழுக்க அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வரும். கூட வேலை செய்த ஒருத்தர் ஊர் மாறிப் போகிறார், தொட்டியைச் சும்மாவே கொடுக்கிறார் என்று ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியது. இறக்கிய பிறகுதான் தெரிந்தது, அது கடல் மீன் தொட்டி. நல்ல தண்ணீர் ஊற்றினால் மீன் செத்துப்போகும். அதற்கென்று தனி உப்பு ஒரு வாளி, உப்பை அளக்க ஒரு கருவி, நுரை எடுக்க ஒரு மிஷின், மிஷினுக்கு ஒரு மிஷின். என் மனைவி சரோஜா உப்பு வாளியைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "உங்களுக்கு ரசத்துல ஒரு கல் உப்பு கூடப் போடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இதுங்களுக்கு வாளி வாளியாவா?"

தொட்டியோடு மூன்று மீன்கள் வந்தன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு, அவை புருஷன் பெண்டாட்டி என்று லோகா சொன்னது. மூன்றாவது நீலம். அப்படி ஒரு நீலத்தை நான் கோயில் கோபுரத்தில்கூடப் பார்த்ததில்லை. ஒரு விரல் நீளம்தான். ஆனால் வந்த அன்றே பாறைகளைச் சுற்றி ஒரு ரவுண்டு போய், அந்த ஆரஞ்சு தம்பதியை ஒரு மூலைக்கு ஓட்டிவிட்டு, நடுப் பாறையின் ஓட்டையில் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக்கு வெளியே நான் போனால் என்னையும் முறைத்தது. என் தாத்தா காலத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது கங்காணி இப்படித்தான் நிற்பாராம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் அதற்குக் கங்காணி என்று பேர் வைத்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் ஒரு மாதம் உண்மையிலேயே மனசு அடங்கியது. வேலை விட்டு வந்ததும் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்காருவேன். சரோஜா இரண்டு முறை பக்கத்தில் வந்து மூச்சு விடுகிறேனா என்று பார்த்துவிட்டுப் போனது.

பிறகு விரதம் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது சிரிக்கிற விஷயம் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் லோகாவுக்கு டெங்கி வந்து சிரம்பான் ஆஸ்பத்திரியில் கிடந்தது. ரத்தத்தில் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். என்ன குறைகிறது என்று எனக்குப் புரியவில்லை, பிள்ளை குறைகிறது என்று மட்டும் புரிந்தது. நான் அந்த வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எங்கள் எஸ்டேட் மாரியம்மனிடம் சொன்னேன்: பிள்ளையைக் கொடுத்துடு தாயி, என் முறை வரும்போது உன் கரகத்தை நான் தலையில் எடுக்கிறேன். மூன்றாம் நாள் பிள்ளை இட்லி கேட்டது.

எங்கள் கோயிலில் கரகம் வீட்டு முறை. இந்த வருடம் இந்த வீடு என்றால் அடுத்த வருடம் அடுத்த வீடு. முறை தவறினால் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். முறை திரும்பி வருவதற்குள் என்னால் நடக்கவே முடியாது. அந்த வருடம் என் முறை. முப்பது நாள் விரதம், கடைசியில் காப்புக் கட்டு, அதன் பிறகு கரகம். எனக்கு அடுத்த முறை சரோஜாவின் தம்பி குணாவுடையது. அவன்தான் கோயில் பொருளாளர். எனக்கும் அவனுக்கும் எதற்குமே ஒத்துப்போகாது. நான் அடுப்பு என்றால் அவன் கேஸ் தீர்ந்துவிட்டது என்பான்.

விரதம் தொடங்கிய அன்று வீட்டைக் கழுவிவிட்டு, ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மீனுக்குப் போடும் இறால், சின்னச் சின்னக் கட்டியாக உறைந்து கிடந்தது. அம்மனுக்கு விரதம் இருக்கிற வீட்டில் இறாலா? எடுத்துத் தூரப் போட்டேன். அதோடு விடவில்லை. இந்த வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் விரதம் என்றால் எல்லோரும்தான் என்று முடிவு செய்தேன்.

ஆமாம். மீன்களுக்கும் விரதம் வைத்தேன்.

பசிக்கு விடவில்லை, அவ்வளவு பாவி இல்லை. கீரையை ஆய்ந்து, கொதிக்கிற தண்ணீரில் ஒரு கொதி காட்டி, பொடியாக நறுக்கிப் போட்டேன். வேலை நாளில் அசைவம், விரத நாளில் சைவம், மனுசன் இருக்கிற மாதிரி அதுவும் இருக்கட்டுமே. ஆரஞ்சு தம்பதி கொஞ்சம் கொறித்தன. கங்காணி கீரையை வாயில் வாங்கி, கண்ணாடிக்கு அருகே வந்து, என் முகத்துக்கு நேராகத் துப்பியது. தினமும் துப்பியது. எனக்கு மறுபடியும் கோபம் வர ஆரம்பித்தது.

விரதம் பாதி தாண்டியபோது ராசாவில் மீன் கடை வைத்திருக்கும் சேவியரிடம் உப்பு வாங்கப் போனேன். சேவியர் வேதக்காரர், பொறுமைசாலி. அவர் கடையில் ஒரு மீன், முழுக்க முழுக்க மஞ்சள். அரைத்த மஞ்சளை உருட்டி வால் வைத்த மாதிரி. பார்த்ததும் எனக்குக் கை கூப்பத் தோன்றியது. அம்மனே விரத நேரத்தில் காட்டுகிறாள் என்று நினைத்தேன். சேவியர், நாலு வாரம் வேறு தொட்டியில் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடணும் என்றார். வீட்டுக்கு வருகிற விருந்தாளியை வெளிக் கொட்டகையில் படுக்க வைப்பார்களா என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு, நேராகக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். மஞ்சு என்று பேர் வைத்தேன்.

கங்காணி ஓட்டையிலிருந்து வெளியே வந்து பார்த்தது. மஞ்சு அதைவிட மூன்று மடங்கு பெரிசு. கங்காணி ஒரு நிமிடம் சும்மா இருந்தது. பிறகு பாய்ந்து வாலில் ஒரு கடி.

அடுத்த நான்கு நாள் எங்கள் வீட்டில் நடந்ததை எஸ்டேட்டே கேட்டது. மஞ்சு எங்கே போனாலும் கங்காணி பின்னாலேயே போகும். வால் ஓரம் எல்லாம் கிழிந்த பாவாடை மாதிரி ஆகிவிட்டது. நான் கண்ணாடியைத் தட்டிக் கத்துவேன். கத்தினால் மஞ்சுதான் பயந்து ஓடும், கங்காணிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. வலையைப் போட்டுப் பிடிக்கப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி மேல் ஏறி, தோள் வரை கையை விட்டு ஒரு மணி நேரம் துழாவியதில் ஆரஞ்சு மீனை இரண்டு முறையும் என் மோதிரத்தை ஒரு முறையும் பிடித்தேன். கங்காணியைப் பிடிக்க முடியவில்லை. சரோஜா வந்து பார்த்துவிட்டு, "மனசு அடங்கிருச்சாங்க?" என்றது.

ஐந்தாம் நாள் காலை, காப்புக் கட்டுக்கு இரண்டே நாள், மஞ்சுவின் உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். உப்பைத் தூவின மாதிரி முகத்திலிருந்து வால் வரை. அது பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சின்ன வயதில் எனக்கு வந்திருக்கிறது, என் அக்காவுக்கு வந்திருக்கிறது. அந்தப் புள்ளியை எனக்குத் தெரியாதா?

"சரோஜா," என்று கூப்பிட்டேன். "அம்மா வந்திருக்காடி."

"உங்க அம்மாவா?"

"மாரியம்மா."

சரோஜா தொட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. லோகாவுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றது. அம்மன் வீட்டுக்கு வந்திருக்கும்போது நீலாய்க்குப் போன் போட்டு அனுமதி வாங்கணுமா என்று கத்தினேன். வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்வோமோ அத்தனையும் செய்தேன். வாசலில் வேப்பிலை கட்டினேன். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது என்றேன். தொட்டிக்கு மேலே ஒரு கொத்து வேப்பிலை. பிறகு ஒரு செம்பு நிறைய மஞ்சள் கரைத்து, "தாயே, குளுந்து போம்மா" என்று சொல்லித் தொட்டிக்குள் ஊற்றினேன்.

அந்த நுரை எடுக்கும் மிஷின் இருக்கிறதே, அதற்கு மஞ்சள் தண்ணீர் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குமுறிக்கொண்டு நுரை கக்க ஆரம்பித்தது. மஞ்சள் நுரை. தொட்டி வழிந்து, மேசை வழிந்து, தரை வழிந்து, சாமி மேடை வரை வந்து நின்றது. உள்ளே எந்த மீன் எங்கே இருக்கிறது என்று எதுவும் தெரியவில்லை. அம்மன் பொங்கி எழுந்திருக்கிறாள் என்று கும்பிட்டேன். சரோஜா துடைப்பத்தை எடுத்து வந்தது.

அம்மை போட்ட வீட்டுக்காரன் காப்புக் கட்டக் கூடாது என்ற விஷயம் அந்த நேரத்தில் என் மண்டையில் வரவே இல்லை. இதை இன்றுவரை யாரும் நம்புவதில்லை.

வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் எங்கள் லைன் வீடுகள் முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலை கோயிலில் கூட்டம், வரச் சொல்லி ஆள் வந்தது. அம்மை போட்ட வீட்டு ஆள் கோயிலுக்குள் வரக் கூடாது என்பதால் வெளியே அரச மரத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தலைவர் வேலு அண்ணன் முன்னாள் மண்டோர், அந்தக் காலத்தில் வேலையாட்களை மேய்த்தவர், எண்பதை நெருங்குகிறவர், காது கொஞ்சம் மந்தம். பத்துப் பன்னிரண்டு பேர். குணாவும் நோட்டுப் புத்தகத்தோடு இருந்தான்.

யாருக்கு அம்மா போட்டிருக்கிறது என்று தலைவர் கேட்டார். மகளுக்கா? இல்லை என்றேன். சரோஜாவுக்கா? இல்லை.

"பின்ன யாருக்கு?"

"மஞ்சுவுக்கு."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் வீட்டில் மஞ்சு என்று யாரும் இல்லை என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். ஒரு அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது. குணா எழுந்து மெதுவாக, "மஞ்சுங்கறது மீன். வீட்ல தொட்டில இருக்கு," என்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது.

அப்போது குணா என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "மச்சான், மீனுக்கெல்லாம் அம்மா போடாது லா. அது என்னமோ பூச்சி. இலையை அவுத்துப் போட்டுட்டு வந்து காப்பைக் கட்டுங்க."

நன்றாகக் கவனியுங்கள். அவன் எனக்கு வழி திறந்துவிட்டான். அடுத்த முறை அவனுடையது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலே கரகம் அவனுக்குத்தான். அப்படியும் திறந்துவிட்டான். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "ஆமாம்பா, பூச்சியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் இலையை அவிழ்த்திருக்க வேண்டும். ஒரு சின்னப் பிள்ளைகூட அதைத்தான் செய்யும்.

ஆனால் சொன்னது குணா. அதுவும் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி கடைசியில் "லா" போட்டுச் சொன்னான்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பேச்சு நான் பேசியதே இல்லை. ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளி, பிறகு பாரம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டவன் நான். வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. அம்மா மனுசனுக்கு மட்டும்தான் தாயா என்று கேட்டேன். மாட்டுக்கு அம்மை வரவில்லையா, கோழிக்கு வரவில்லையா, அதற்கெல்லாம் நாம் வேப்பிலை வைக்கவில்லையா என்று கேட்டேன். மாட்டுக்கும் கோழிக்கும் வருகிறவள் மீனிடம் வர வெட்கப்படுவாளா? தண்ணிக்குள் இருக்கிற உயிர் அவள் பிள்ளை இல்லையா? கடலே அவள்தானே? பூச்சி என்கிறான் பொருளாளர், நாளைக்கு நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் போட்டாலும் பூச்சி என்பானா? பேசிக்கொண்டே போனேன். முக்காடு போட்ட அக்கா கண்ணைத் துடைத்தது. சிரித்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்தது. குணாவைப் பார்த்தேன். அவன் உள்ளங்கையால் தன் நெற்றியை அடித்துக்கொண்டான். தோற்ற வலி என்று நினைத்தேன்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

"நீ சொல்றதுதான் சரி, ராமையா. நீ சொன்ன பிறகுதான் எனக்கே விளங்குது. மீனா இருந்தாலும் அம்மா அம்மாதான்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப உன் வீட்ல அம்மா இருக்கா. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் நீ காப்புக் கட்டக்கூடாது. கரகம் அடுத்த வீட்டுக்குப் போவுது."

எழுதிக்கோ என்று குணாவிடம் சொன்னார். குணா எழுதவில்லை. மீனுக்கு எப்படித் தலைக்கு மூணு தண்ணி ஊத்துவாங்க தலைவரே, அது ஏற்கனவே தண்ணியிலதானே இருக்கு என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தான். அந்த விளக்கம் ராமையாவுக்குத் தெரியும், அவன்தான் விவரம் தெரிஞ்ச ஆள் என்று தலைவர் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை. வாசல் வேப்பிலை முகத்தில் அடித்தது. உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தேன். மஞ்சள் கலங்கல் கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆரஞ்சு தம்பதியில் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது, உயிர் இல்லை. நடுப் பாறையிலிருந்து கங்காணி வெளியே வந்து என்னை முறைத்தது. அப்போதுதான் விபூதியை வாரினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கொடுத்த வாக்கை ஒரு விரல் மீன் தின்றுவிட்டது என்று கத்தினேன். சரோஜா என் கையைப் பிடித்து விபூதியைத் தட்டிவிட்டது. பிறகு உள்ளே போய் லோகாவுக்குப் போன் போட்டது.

லோகா அன்று மதியமே சேவியரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. சேவியர் வாசல் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, மரியாதையாக அதற்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, தொட்டியைப் பார்த்தார். இது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டுண்ணி, கடல் மீனுக்கு அடிக்கடி வரும், மீன் பயந்து நொந்துபோனால் சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்று நிதானமாகச் சொன்னார். தனியாக வைக்கச் சொன்னது இதற்குத்தான் அண்ணே என்று சொல்லவில்லை. சொல்லாததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நான் பதிலுக்கு, எல்லாத்துக்கும் காரணம் அந்த நீல ராட்சசன்தான், அதைக் கொன்றுபோட்டால் சரியாகிவிடும் என்றேன்.

"என்ன சாப்பாடு போடுறீங்க, அண்ணே?"

"கீரை."

"கீரை, அப்புறம்?"

"கீரைதான். விரதம்."

சேவியர் தரையைப் பார்த்தார். சிரிப்பை விழுங்குகிறார் என்று நினைத்தேன், நிமிர்ந்தபோது கண்ணில் நிஜமான வருத்தம் இருந்தது.

"தவக்காலத்துல எங்க வீட்லயும் கறி எடுக்க மாட்டோம், அண்ணே. ஆனா கடையில மீனுக்கு இறால் போடுவேன். வேண்டுதல் என்னோடதுதானே, அதுங்களோடது இல்லையே."

எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

பசியில் இருக்கிற மீன் பக்கத்தில் வருவதைக் கடிக்கத்தான் செய்யும் என்றார். அதிலும் இந்த நீல ஜாதி, முதலில் வந்த இடம் முழுக்கத் தன்னுடையது என்று நினைக்கும். கொல்ல வேண்டாம், கோபக்காரனை அடக்க ஒரு வழி இருக்கிறது. பாறைகளை எல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கிவிட வேண்டும். எந்த ஓட்டை தன்னுடையது, எந்த மூலை தன்னுடையது என்று அதற்குக் குழம்பிப்போகும். இடம் தெரியாதவனுக்குச் சண்டை போட நேரம் இருக்காது.

இதைச் சொல்லும்போது சரோஜாவும் லோகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். அர்த்தம் அப்போது புரியவில்லை.

பாறைகளை எல்லாம் வெளியே எடுத்த பிறகு கங்காணி சுலபமாக வலைக்குள் வந்தது. மிச்சம் இருந்த மூன்று மீன்களையும் சேவியர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அளந்து ஊற்றிய மருந்துத் தண்ணீரில் விட்டார். கங்காணியை மட்டும், வீட்டில் அரிசி கழுவும் ஓட்டைக் கூடையில் போட்டு அதே தண்ணீரில் தொங்கவிட்டார், மற்றவற்றைப் பார்க்கலாம், கடிக்க முடியாது. பெரிய தொட்டி இரண்டு மாதத்துக்கு மேல் மீனே இல்லாமல் காலியாகக் கிடக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டுண்ணி பட்டினி கிடந்து சாகும். லோகா ஐஸ் பெட்டியில் வைக்காமல் கடையிலிருந்து நேராக வாங்கி வந்த இறாலைக் கிள்ளிப் போட்டது. கங்காணி கூடைக்குள்ளிருந்து பாய்ந்து பாய்ந்து தின்றதைப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒரு மாதமாக நான் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன். அம்மன் பேரைச் சொல்லிப் போட்டிருக்கிறேன். வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

வேப்பிலையை அவிழ்க்கலாமா என்று லோகா கேட்டது. முடியாது என்றேன். கூட்டத்தில் நான்தான் பேசினேன். இப்போது பூச்சி என்று போய் நின்றால் கரகம் வேண்டுமென்று சாமியை மாற்றிப் பேசுகிறேன் என்று ஆகும். "அப்பா, அந்த வேண்டுதல் எனக்காகத்தானே?" என்றது. ஆமாம் என்றேன். 

கரகத்தன்று பிற்பகல் உறுமிச் சத்தம் லைனுக்குள் வந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கரகம் நிற்கும், வீட்டுக்காரன் கரகம் எடுத்தவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிட வேண்டும். கரகம் எடுத்தவர் யார்? குணா. அவன் காலை நான் கழுவ வேண்டும். என் மச்சினன் காலை, என் கையால், எஸ்டேட் பார்க்க. பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். அவன் தலையில் இருப்பது அம்மன், கால் மட்டும்தான் குணா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விழுந்தேன். எழுந்தபோது அருள் வந்து ஆடிக்கொண்டிருந்தவன் நின்றான். கண் மேலே சொருகியிருந்தது. என் நெற்றியில் விபூதி பூசினான். குரல் அவன் குரல் மாதிரியே இல்லை.

"மஞ்சு நல்லா இருக்காளா?"

கேட்டது அம்மனா, குணாவா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அருள் இறங்கிய பிறகு அவனைக் கேட்டேன், தனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று சத்தியம் செய்கிறான். அம்மன் என்றால் எனக்கு அதைவிடப் பெரிய வரம் வேண்டாம். குணா என்றால் அவனை நான் சும்மா விடமாட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் இத்தனை வருடமாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊர்வலம் நகர்ந்ததும், எனக்குள் அத்தனை நாள் கோபமும் திரண்டு தொண்டைக்கு வந்தது. கத்துவதற்காகவே வேகமாக வீட்டுக்குள் திரும்பினேன். என் நாற்காலியில் உட்கார்ந்து கத்தலாம் என்று போனால், நாற்காலி இல்லை. அது இருந்த இடத்தில் தையல் மெஷின் இருந்தது. சோபா அடுப்பங்கரைப் பக்கம் போயிருந்தது. டிவி கதவுக்குப் பின்னால். நடு வீட்டில் நின்று இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பினேன். எதற்காகக் கத்த வந்தேன் என்பதே மறந்துவிட்டது. அடுப்பங்கரையில் சரோஜாவும் லோகாவும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

மஞ்சு பிழைத்துக்கொண்டது. அடுத்த வருடக் கூட்டத்தில் குணா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, போன வருடம் நான் எடுத்தது மச்சான் முறை, இந்த வருடம்தான் என் முறை, அதை மச்சானுக்கே கொடுக்கிறேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். என்னைப் பார்க்கவில்லை. நானும் எதுவும் பேசவில்லை. பேசினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். கரகத்தை எடுத்தேன். என் வீட்டு வாசலில் என் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியது லோகா. வாக்கு தீர்ந்தது.

ஆனால் அதிலிருந்து எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காப்புக் கட்டுக்கு முதல் நாள் தலைவர் தானே என் வீட்டுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் குனிந்து ஒவ்வொரு மீனாகப் பார்ப்பார். புள்ளி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எஸ்டேட்டுக்கே காப்பு.

வீட்டிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் குரலை உயர்த்தினால் யாரும் பதில் சொல்வதில்லை. சரோஜா லோகாவைப் பார்க்கும், "கல்லை மாத்தி அடுக்கும்மா" என்று சொல்லும், அவ்வளவுதான், நான் குளித்துவிட்டு வருவதற்குள் வீடு வேறு வீடாக இருக்கும். நேற்று ஏதோ ஒன்றுக்குக் கத்தினேன், என்னவென்று மறந்துவிட்டது. இப்போது இதை ஐஸ் பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கங்காணி. இறால் தின்று நன்றாகக் கொழுத்திருக்கிறது. இன்று காலை சேவியர் வந்து பாறைகளை மறுபடி மாற்றி அடுக்கிவிட்டுப் போனார். அது ஒரு ஓட்டைக்குள் நுழைந்து, இல்லை இதில்லை என்று வெளியே வந்து, என்னை முறைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது.

நானும்தான்.